ஜிம் நண்பர் சொன்ன மாத்திரையும் எள்ளுப்பொடியும்

கேள்வி: மேடம், எனக்கு 27 வயசு, 60 கிலோ. வீட்ல சுத்த சைவம், முட்டை கூட கிடையாது, பால் தயிர் உண்டு. ஜிம்ல கூட வர்ற ஒருத்தர் "உங்க சாப்பாட்ல மெத்தியோனினே இருக்காது, மாத்திரை போடுங்க"ன்றார். போடணுமா? (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: காசு மிச்சம் தம்பி, வேண்டாம். மெத்தியோனின்ங்கறது கந்தகம் உள்ள அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டற செங்கல்ல ஒண்ணு, உடம்பு தானா செஞ்சுக்காது, சாப்பாட்லருந்துதான் வரணும், அதுவரைக்கும் உங்க ஃபிரெண்ட் சொன்னது சரி. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி மெத்தியோனினும், அதே மாதிரி கந்தகம் உள்ள இன்னொரு அமினோ அமிலமான சிஸ்டீனும் சேர்த்து உடம்பு எடைல கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக உங்களுக்கு ஒரு நாளைக்கு 900. அரை லிட்டர் பால்லயே 500 கிட்ட வந்துடுது, 200 கிராம் அரிசி பொங்கினா இன்னொரு 600, பருப்பை நான் இன்னும் கணக்குலயே சேர்க்கல!

இந்தப் பேச்சு எங்கருந்து கிளம்புதுன்னா, பருப்பை மட்டும் தனியா வச்சுப் பார்க்கறதால. பருப்புப் புரதத்துல லைசின்ங்கற வேற ஒரு அமினோ அமிலம் ஜாஸ்தி, மெத்தியோனின் கம்மி, அரிசில அப்படியே தலைகீழ். இட்லி, வெண்பொங்கல், சாம்பார் சாதம்னு நாம சேர்த்தே சாப்பிடறதால ஒண்ணோட குறையை இன்னொண்ணு அடைச்சிடுது, அதுவும் ஒரே தட்டுல இருக்கணும்னு இல்ல, ஒரு நாளைக்குள்ள வயித்துக்குள்ள போனா போதும். இன்னும் வேணும்னா எள்ளு இருக்கே, 10 கிராம்ல மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்த்து சுமார் 90 மில்லிகிராம், இட்லிப் பொடில கொஞ்சம் தாராளமா வறுத்துப் போடச் சொல்லுங்க அம்மாவை.

மாத்திரைல எனக்கு இன்னொரு உறுத்தல். மெத்தியோனின் உள்ள போய் ஹோமோசிஸ்டீன்ங்கற பொருளா மாறும், அதைத் திரும்ப மெத்தியோனினா மாத்த ஃபோலேட், பி12ங்கற ரெண்டு வைட்டமினும் வேணும், இல்லன்னா அது ரத்தத்துல தேங்கிடும். சைவக்காரங்களுக்கு நெஜமாவே குறையறது இந்த பி12 தான், காய்கறி பருப்புல அது கிடையாது. மாத்திரைக்கு வச்சிருந்த காசுல பி12 ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: அவிச்ச முட்டைல மஞ்சக்கருவைச் சுத்தி பச்சையா இருக்கே, மருந்து ஏத்தின முட்டையா? (ஒரு வாசகி, தேனி)

பதில்: இல்லம்மா, அதுவும் இதே கந்தகம் பண்ற வேலைதான். ரொம்ப நேரம் கொதிச்சா வெள்ளைக்கருல இருக்கற கந்தகம் வாயுவா பிரிஞ்சு மஞ்சக்கருவோட இரும்புல ஒட்டிக்கும், அந்த நிறம்தான் அது. தாராளமா சாப்பிடலாம். பிடிக்கலைன்னா 10 நிமிஷத்துல இறக்கி உடனே பச்சத்தண்ணில போட்டுடுங்க.