இரண்டு இடம் கேட்டால் நான்கு இடம் மாறுவது ஏன்?

கேள்வி: ஜே (J) என்ற கணினி மொழியில், 3 நிரை (கிடை வரிசை) 4 நிரல் (நெடு வரிசை) உள்ள அணியில், அதாவது எண் கட்டத்தில், இரண்டே இடங்களில் 99 போடப் பார்த்தேன், நான்கில் விழுகிறது. திருத்தியதை இன்னோர் அணியோடு கலக்கவும் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கோட் எழுதித் தந்தவர் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) போட்டுத் தந்தார். என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த லூப்பைத் தூக்கி எறியுங்கள். ஜே-யில் லூப் விற்பவர் ஜே தெரியாதவர்.

கோளாறு ஒரே ஒரு குறியில் இருக்கிறது. நீங்கள் எழுதியது:

99 (<0 2;1 3)} அணி

இதற்கு 0, 2 ஆகிய நிரைகளும் 1, 3 ஆகிய நிரல்களும் சந்திக்கும் இடமெல்லாம் என்று பொருள். இரண்டு பெருக்கல் இரண்டு, நான்கு. முன்னால் நிற்கும் < குறியை எடுத்துவிடுங்கள்:

99 (0 2;1 3)} அணி

இப்போது 0-ஆம் நிரையின் 2-ஆம் நிரல், 1-ஆம் நிரையின் 3-ஆம் நிரல், அவ்வளவுதான். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். ஒரே இடம் போதுமென்றால் (<1 2) என்று < கட்டாயம் வேண்டும். விட்டால் 1, 2 நிரைகள் முழுதும் 99 ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

இது புது அணியைத்தான் தரும், பழையது அப்படியே இருக்கும். =: போட்டுச் சேமியுங்கள். (‘அணி’ என்பதெல்லாம் புரிவதற்காக. பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும், அந்த மொழியின் பிடிவாதம் அது.)

கலப்பதற்கு, அணியின் அதே அளவில் 0, 1 நிரம்பிய ஒரு மறைப்பு செய்துகொள்ளுங்கள்:

மறைப்பு } முதல் ,: அடுத்து

0 உள்ள இடத்தில் முதல் அணியின் எண், 1 உள்ள இடத்தில் அடுத்ததன் எண். இரண்டு அணிகளையும் தனித்தனி அடுக்காக வைக்கும் ,: என்பதில் புள்ளிகளை விட்டு வெறும் காற்புள்ளி போட்டால் அணிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி 6 நிரை ஆகிவிடும்.

நான் ஓயாமல் எச்சரிப்பது வேறொன்றை. இரண்டு அணிகளும் ஒரே அளவில் இல்லாவிட்டால் ,: பிழை சொல்லாது, சின்னதைப் பூஜ்யத்தால் நிரப்பி ஒப்பேற்றிவிடும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் லெங்த் எரர் (அளவு பொருந்தாப் பிழை) என்று கத்தும் மொழி, கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது! இதற்கு ஒரு விலக்கு உண்டு. அணிக்குப் பதில் தனி எண் 5 கொடுத்தால் எல்லா இடத்திலும் 5 பரவும். ஆனால் அதே 5 ஒற்றை உறுப்புப் பட்டியலாக, அதாவது (,5) என்று வந்தால் இடது மேல் மூலையில் மட்டும் 5, மற்ற 11 இடங்களிலும் பூஜ்யம். திரையில் இரண்டுமே 5 என்றுதான் தெரியும். $ குறியை முன்னால் போட்டுப் பாருங்கள்: தனி எண்ணுக்கு வெற்று வரி வரும், பட்டியலுக்கு 1 வரும்.