கொடி நாள் வசூலை நானே நடத்தலாமா?

கேள்வி: டிசம்பர் 7 கொடி நாளுக்கு எங்கள் தெருவில் நிதி திரட்டும் பொறுப்பை ஏற்க நினைக்கிறேன். ஓர் உண்டியலோடு வீடு வீடாகப் போனால் போதுமா? “பட்டாளத்துக்காரர்களுக்குத்தான் பென்ஷன் வருகிறதே” என்று இப்போதே சிலர் கேட்கிறார்கள்.
– வாசகி ஒருவர், குடியாத்தம்

பதில்: உண்டியல் வாங்கும் முன், வேலூரிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1949 முதல் நடந்துவரும் இந்த வசூல் அரசு நிதிக்கானது என்பதால், அவர்கள் அனுமதியோடும் அவர்கள் தரும் கொடிகளோடும் ரசீதுகளோடும்தான் நீங்கள் தெருவில் இறங்க வேண்டும். எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும், உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

பென்ஷன் கேள்விக்கு வருகிறேன். பதினைந்து ஆண்டுப் பணியை நிறைவு செய்யாமல் வெளிவந்த சிப்பாய்க்குப் பணி ஓய்வூதியம் கிடையாது. அப்படி வந்து, 65 வயதைக் கடந்து, வருமானமின்றி இருப்பவர்களுக்கு (ஹவில்தார் நிலை வரை) மாதந்தோறும் தரப்படும் வறுமை உதவித்தொகை மத்தியக் கொடி நாள் நிதியிலிருந்துதான் போகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவிழந்து சக்கர நாற்காலியிலேயே காலம் கழிக்கும் வீரர்களுக்காகப் புணே அருகே கட்கியில் இயங்கும் மறுவாழ்வு மையத்துக்கும் அந்த நிதி உதவுகிறது. இதை நிதானமாகச் சொன்னால், கேள்வி கேட்டவரே பெரும்பாலும் பணப்பையை எடுத்துவிடுவார். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்றும் முப்படைகளைக் குறிப்பவை என்று சொல்லிக்கொண்டே கொடியைச் சட்டையில் குத்திவிடுங்கள். குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள்.

கொடுக்க மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம். பள்ளியில் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்ததைக் கசப்போடு நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். அதேபோல், தெருவிலுள்ள முன்னாள் படைவீரரை உண்டியலோடு முன்னே நிறுத்துவதும் எனக்கு உவப்பானதல்ல. அவராக முன்வந்தால் அது வேறு.

வருமான வரிச் சலுகை வேண்டுவோர் 2,000 ரூபாய்க்கு மேல் தருவதானால் காசோலையாகவோ இணையவழியாகவோ அலுவலகம் சொல்லும் கணக்கில் செலுத்தட்டும். ரொக்கத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வசூலான பணத்தை அன்றிரவே இரண்டு அண்டை வீட்டார் முன்னிலையில் எண்ணி, மூவரும் கையெழுத்திட்டு, மீந்த கொடிகளையும் ரசீது அடிக்கட்டைகளையும் சேர்த்து மறுநாளே அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.