ரிக்கெட்ஸ் கிளென், முட்டிவலி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மனைவியும் அக்டோபர் மூன்றாம் வாரம் பென்சில்வேனியாவில் ரிக்கெட்ஸ் கிளென் ஸ்டேட் பார்க் போகிறோம். அருவிப் பாதை 7.2 மைலையும் ஒரே நாளில் நடக்க ஆசை. இருவருக்கும் மலைநடை புதிது. அவளுக்கு இறக்கத்தில் முட்டி வலிக்கும். ரன்னிங் ஷூ போதுமா? இலை நிறம் இருக்குமா?

எஸ்., எடிசன்

அன்புள்ள எஸ்.,

முழுப் பாதை வேண்டாம். மேல்வட்டம் 3.2 மைல்தான்; பெரும்பாலான அருவிகள் அதிலேயே வந்துவிடும். லேக் ரோஸ் பார்க்கிங்கில் வண்டியை விட்டு, முதலில் ஹைலேண்ட் ட்ரெயிலில் நடங்கள். ஏறக்குறைய சமதளம், கால் சூடேறும். பிறகு கிளென் லீ பள்ளத்தாக்கு வழியாக, இரண்டு ஓடைகள் சேரும் வாட்டர்ஸ் மீட் வரை இறங்கி, கனோகா பள்ளத்தாக்குப் பக்கம் ஏறி வண்டிக்கே திரும்பலாம். இறக்கம் முழுவதும் கால் களைக்குமுன் முடிந்துவிடும். 94 அடி கனோகா அருவியும் ஏறி வரும்போதுதான் முகத்துக்கு நேரே நிற்கும்.

சிக்கல் தூரத்தில் இல்லை, படிகளில். கல்லை அடுக்கிப் போட்ட படிகள், ஒன்றின் உயரம் அடுத்ததற்கு இருக்காது. சாரல் அவற்றைக் காயவிடாது. அக்டோபரில் ஈர இலை வேறு மூடிவிடும். படி விளிம்பு எது, இடுக்கு எது என்றே தெரியாது. ரன்னிங் ஷூ அங்கே வழுக்கும். அடியில் ஆழமாக வரி வெட்டிய ஹைக்கிங் பூட்ஸ் வாங்கி, கிளம்புமுன் ஒரு வாரமாவது போட்டுப் பழகுங்கள். உங்கள் மனைவிக்கு நடைக்கோல் இரண்டு. இறங்கும்போது கோலை ஐந்து சென்டிமீட்டர் நீட்டி, கோலை முதலில் கீழ்ப்படியில் ஊன்றிவிட்டுக் காலை வைக்க வேண்டும். முட்டிக்குப் போகும் பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். இறங்குமுன் கணுக்காலருகே லேஸை இறுக்குங்கள், இல்லாவிட்டால் கட்டைவிரல் ஷூ முனையில் இடித்து நகம் கறுத்துவிடும். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது.

மூன்றாம் வாரத்தில் மேலே பாதி இலை உதிர்ந்திருக்கலாம். கீழே உள்ள ஓக் மரங்கள் தாமதமாகத்தான் நிறம் மாறும், எனவே மிச்ச நிறத்தை அங்கே 118ஆம் சாலைப் பக்கம் தேடுங்கள். நிறம்தான் முக்கியம் என்றால் ஒரு வாரம் முன்னதாகப் போங்கள்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனாலேயே சனி, ஞாயிறில் பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிவிடும். காலை எட்டுக்கே போய்விடுங்கள். போனில் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஆளுக்கொரு தலைவிளக்கு. பார்க்கின் பெரும்பகுதியில் வேட்டைக்கு அனுமதி உண்டு, ஆகவே பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பியாவது போட்டுக்கொள்ளுங்கள்.