வளவு பெரிது, வீட்டை எங்கே வைப்பது?

கேள்வி: உருத்திரபுரத்தில் ஒரு ஏக்கர் காணி இருக்கிறது. நடுவில் கட்டினால்தான் வீடு எடுப்பாக இருக்கும் என்கிறார் மகன். சரியா?

மகனை ஒரு மாரி பொறுக்கச் சொல்லுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வளவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கமாக வடிகிறது என்று நடந்து பாருங்கள். கோடையில் பார்த்தால் எல்லாக் காணியும் மேடாகத்தான் தெரியும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அயலவரிடமும் கேளுங்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் அதை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஒரு ஏக்கர் என்றால் 16 பரப்பு. நட்டநடுவில் வீட்டை வைத்தால் சுற்றிவர மிஞ்சுகிற நிலம் தோட்டத்துக்கும் உதவாது, பிறகு பிள்ளைகளுக்குப் பிரிக்கவும் வசதிப்படாது. மேட்டுப் பக்க மூலையில், வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே வையுங்கள். மின்கம்பம், பாதை எல்லாவற்றிலும் செலவு குறையும். சோளகம் வீசும் தென்மேற்குப் பக்கம் யன்னல்கள் வரட்டும். வாடையோடு வரும் மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும், அந்தப் பக்கம் கூரையை நன்றாக இறக்குங்கள்.

கேள்வி: வட்டக்கச்சியில் எங்களுடையது அனுமதிப்பத்திரக் காணி. மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்து எழுதலாமா?

அது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தோடு தந்த காணி, சொந்தமாக உறுதி உள்ள காணி போல நினைத்த மாதிரி எழுத முடியாது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியை, பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் துண்டாடவோ கைமாற்றவோ கூடாது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பதை நம்பி வீடு கட்டாதீர்கள். முதல் வேலையாகப் பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பிறகு காணி யாருக்குப் போக வேண்டும் என்பதை, பதிவு செய்யுங்கள். அப்படிப் பதியாமல் விட்டால் முன்பு ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை போனது, 2022 திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. மகள்மார் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: முருங்கனில் வீடு. ஒவ்வொரு கோடையிலும் சுவர் வெடிக்கிறது. பூசினாலும் திரும்ப வெடிக்கிறது.

பூச்சில் பிழை இல்லை, மண்தான் காரணமாக இருக்கும். அங்குள்ள கருங்களி மாரியில் ஊதும், கோடையில் சுருங்கிப் பிளக்கும், மேலோட்டமான அத்திவாரமும் அதோடு சேர்ந்து அசையும். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் பீலி போட்டுத் தூரக் கொண்டுபோய் விடுங்கள். சுவரை ஒட்டிப் பெரிய மரம் வேண்டாம், அதன் வேர் கோடையில் ஈரத்தை உறிஞ்சும். வெடிப்பில் விரல் நுழைகிறது என்றால் மேசனோடு நிறுத்தாமல் பொறியியலாளர் ஒருவருக்குக் காட்டுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் களியைத் தாண்டி ஆழமாக இறங்கி, கம்பி போட்ட கொங்கிறீற் பீமால் அத்திவாரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும்.

கேள்வி: கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம் விட வேண்டும்?

குறைந்தது 50 அடி. பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள். குழி, கிணற்றை விடப் பள்ளமான பக்கத்தில் இருக்கட்டும். இவ்வளவு காணியை வைத்துக்கொண்டு நெருக்கமாக வைக்க ஒரு காரணமும் இல்லை. வவுனியாப் பக்கம் என்றால் தண்ணீரைப் புளோரைட்டுக்கும் பரிசோதித்துவிட்டுக் குடியுங்கள்.

கேள்வி: புதுக்குடியிருப்பில் அத்திவாரம் வெட்டும்போது துருப்பிடித்த இரும்பு ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் போடலாமா?

தொடவே வேண்டாம், போர்க்காலத்தில் புதைந்த வெடிபொருளாக இருக்கலாம். தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், தடியால் கிண்டவும் வேண்டாம். வேலையை அப்படியே நிறுத்தி, வந்த வழியாலேயே வெளியே வாருங்கள். தூரத்தில் அடையாளம் வைத்து, பிள்ளைகளையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல் பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ உடனே சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றிய காணி என்று கடிதம் கையில் இருந்தாலும் இதைத்தான் செய்ய வேண்டும், ஆழத்தில் புதைந்தது தப்பியிருக்கலாம். பற்றையைக் கொளுத்திக் காணி துப்புரவாக்கும் பழக்கத்தையும் விடுங்கள், சூட்டிலும் வெடிக்கும். வேலை சில நாள் பிந்தினால் பிந்தட்டும்.

கேள்வி: வீடு வருகிற இடத்தில் இரண்டு பெண் பனைகள் நிற்கின்றன. தறிக்கலாமா?

பெண் பனை, பலா, ஈரப்பலா மூன்றையும் அனுமதி பெறாமல் தறிக்க முடியாது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். அதற்கு முதல் வீட்டுப் படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள், உங்கள் வளவில் இடத்துக்குக் குறைவில்லை.