குளிரில் ஸ்டார்ட் ஆகி ஐந்தே வினாடியில் அணையும் கார்: பம்பை மாற்றலாமா?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நவம்பரில் கோவையிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்தேன். வந்த இரண்டாவது வாரத்திலிருந்து காலையில் முதல் ஸ்டார்ட் உடனே ஆகிறது. ஆனால் நாலைந்து வினாடியில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்கி அணைந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் வைத்திருந்தால் அணையாமல் நிற்கிறது. இரண்டு நிமிடம் ஓடிவிட்டால் அப்புறம் நாள் முழுக்கத் தொந்தரவு இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. ஒரு மெக்கானிக் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றினார், பலனில்லை. இன்னொருவர் ஃப்யூவல் பம்பை மாற்றச் சொல்கிறார், எட்டாயிரம் ஆகுமாம். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. "லேசாகக் கால் வைத்திருந்தால் அணையாமல் நிற்கிறது" என்றீர்களே, அதுதான்.

பெட்ரோல் போதாமல் அணையும் இன்ஜினுக்கு ரேஸ் கொடுத்தால் அது பெரும்பாலும் இன்னும் திணறும், சில சமயம் அந்த நொடியே அணையும். காற்று போதாமல் அணையும் இன்ஜின் ரேஸ் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் உங்கள் கால் திறந்துவிடுவது பெட்ரோலை இல்லை, காற்றை. பழைய கார்புரேட்டர் வண்டி ஓட்டியவர்கள் ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் ஊற்றுகிறோம் என்று நினைத்துப் பழகியவர்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் மிதி, காற்று வழியில் இருக்கும் த்ராட்டில் தட்டை மட்டுமே திறக்கிறது. உள்ளே போகும் காற்றைக் கணக்குப் போட்டு பெட்ரோலை விடுவது இசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டரின் வேலை.

அப்படியென்றால் கோவையில் வராத தொல்லை ஊட்டியில் ஏன்? குளிர் ஒரு காரணம். சில்லிட்ட இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், சுற்றுவதற்கே கூடுதல் பலம் வேண்டும். அதனால்தான் காலையில் ஐடிலிங்கை, அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும் வேகத்தை, நிமிடத்துக்கு 1,200 முதல் 1,500 சுற்று வரை வைத்து, சூடான பிறகு 800 பக்கம் இறக்குகிறார்கள். ஆனால் நிறைய பேர் மறந்துவிடுவது உயரத்தை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கோவையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே சந்து வழியாக அங்கே குறைவான காற்றுதான் நுழையும். ஆக, அதிகக் காற்று வேண்டிய நேரத்தில் குறைவாகக் கிடைக்கிறது. இதைச் சரிக்கட்ட, ஐடிலிங்குக்குக் காற்று விடும் ஐடில் வால்வு இன்னும் திறக்க வேண்டும். சுத்தமான வண்டியில் திறந்துகொள்ளும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. 92,000 கிலோமீட்டர் ஓடிக் கரி பிடித்த வண்டியில் திறக்க மிச்சம் இடம் இருக்காது. கோவையில் அந்தக் கரி இருந்தும் சமாளித்திருக்கும்.

ஆகவே என் முதல் சந்தேகம் த்ராட்டில் பாடி, அதாவது அந்தத் த்ராட்டில் தட்டு இருக்கும் கூடு. ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்கு வரும் தடித்த ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். தட்டின் விளிம்பைச் சுற்றிக் கருப்பாக, தோசைக்கல் ஓரத்தில் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு வளையம் இருக்கும். இன்ஜினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவி, மூச்சுக்குழாய் வழியாக இந்தப் பக்கம் வந்து படிந்தது அது. தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள முடியளவு இடைவெளியில்தான் ஐடிலிங் காற்றில் ஒரு பகுதி போகிறது. அதை இந்த வளையம் அடைத்துவிடும்.

சுத்தம் செய்ய த்ராட்டில் பாடி கிளீனர் என்றே கேட்டு வாங்குங்கள், பெட்ரோலால் கழுவ வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது, திறந்த இடத்தில், துணியில் ஸ்ப்ரே செய்து துடையுங்கள். ஓரங்களுக்குப் பழைய டூத் பிரஷ் போதும். ஆக்சிலேட்டர் கேபிள் உள்ள வண்டி என்றால் பக்கத்தில் தனியாக ஒரு ஐடில் வால்வு இருக்கும். அதையும் கழற்றித் துடைக்கலாம், ஆனால் அதன் முனையை விரலால் உள்ளே அழுத்தாதீர்கள். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி ஆஃபில் இருக்க வேண்டும், தட்டை விரலால் தள்ளித் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் போய்விட்டால் முழு அசெம்ப்ளிக்குச் செலவு. துடைத்த பிறகு ஓரிரு நாள் ஐடிலிங் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். இத்தனை நாள் கரியோடு பழகிய இசியூ புதுக் கணக்கைக் கற்றுக்கொள்கிறது. சில வண்டிகளில் இதை ஸ்கேனர் போட்டுத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யவிடாதீர்கள். "ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏத்தி விட்டுடறேன் சார்" என்று யாராவது ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். காலைத் தொல்லை தீர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் தட்டு மூடிய நிலையின் அளவே மாறிப்போய், சூடான பிறகு ஆர்பிஎம் இறங்காமல் அலறும், மைலேஜும் குறையும். அடுத்து வருகிற மெக்கானிக்கால் எது நோய், எது மருந்து என்று பிரிக்க முடியாது.

இரண்டாவது சந்தேகம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று இசியூவுக்குச் சொல்வது இதுதான். அந்தக் காலத்தில் நாம் கையால் இழுத்த சோக்கின் வேலை. குளிர்ந்த இன்ஜினை அது "60 டிகிரி" என்று சொன்னால், இசியூ நம்பிவிடும், பெட்ரோலைக் குறைத்துவிடும், வண்டி அணைந்துவிடும். விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பீர்கள். 60 டிகிரி என்பது நடக்கக்கூடிய அளவுதானே! வயர் அறுந்தால் விளக்கு எரியும், நம்பும்படி பொய் சொன்னால் பெரும்பாலும் எரியாது. இதைப் பிடிப்பது சுலபம். இசியூ சொல்வதைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஓபிடி கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் போட்டு போனில் பாருங்கள். கூலன்ட் வெப்பமும், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும், வெளிக்குளிரும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஏழெட்டு டிகிரி குளிரில் கூலன்ட் மட்டும் 40 காட்டினால் ஆள் அகப்பட்டார்.

இனி, அந்த எட்டாயிரம் ரூபாய் பம்ப். இரவில் வண்டி நிற்கும்போது பைப்பில் பெட்ரோல் அழுத்தம் இறங்காமல் பிடித்து வைக்க பம்புக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. அது கசிந்தால் காலையில் பைப் காலி. ஆனால் அப்படி இருந்தால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகவே நேரம் எடுக்கும். உங்கள் வண்டி உடனே ஆகிறது என்கிறீர்கள். இருந்தாலும் காசில்லாமல் சோதிக்கலாம். சாவியை ஆன் போடுங்கள், பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு வினாடி "ம்ம்ம்" என்று பம்ப் முனகும். ஆஃப் செய்து மறுபடி ஆன். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அன்றைக்கு மட்டும் அணையாமல் நின்றால் பம்ப் பக்கம் பார்க்க வேண்டியதுதான், அப்போதும் கேஜ் மாட்டி அழுத்தத்தை அளந்த பிறகு. எந்த வித்தியாசமும் இல்லையென்றால் பம்பை விட்டுவிடுங்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, நானே ஒருவருக்குத் தேவையில்லாமல் பம்ப் மாற்றியிருக்கிறேன். குன்னூர் வண்டி, இதே தொல்லை. புதுப் பம்ப் போட்ட மறுநாள் காலையும் அணைந்தது. வெட்கத்தோடு ஆறரை மணிக்கு அவர் வீட்டுக்கே போய் பானட்டைத் திறந்து, ஒவ்வொரு வேக்கம் ஹோஸாக (இன்ஜின் உறிஞ்சும் சின்ன ரப்பர் குழாய்கள்) விரலால் நசுக்கிப் பார்த்தேன். காற்றை இன்ஜினுக்குள் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குப் போகும் மூச்சுக்குழாயின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். குளிரில் ரப்பர் விறைத்து விரிசல் வாய் திறக்கிறது, கணக்கில் வராத காற்று நுழைந்து, அதற்கேற்ற பெட்ரோல் இல்லாமல் போகிறது. சூடானதும் ரப்பர் இளகி மூடிக்கொள்கிறது. ஒரு சாண் குழாய், இரண்டு கிளிப், அவ்வளவுதான் வேலை. பம்புக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். ஆகவே த்ராட்டில் பாடியைத் திறக்கிற அன்றே ஹோஸ்களையும் தடவிப் பார்த்துவிடுங்கள்.

உங்களைப் போலவே எழுதும் சிலருக்கு வண்டி ஒவ்வொரு முறையும் சரியாக ஓரிரு வினாடியில் வெட்டிய மாதிரி அணையும், டேஷ்போர்டில் சாவிப் படம் மினுக்கும். அது இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்புப் பூட்டு, வேறு கதை. முதலில் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

இது சரியாகும்வரை ஒரு எச்சரிக்கை. ஊட்டியில் பல வீடுகள் சரிவில் இருக்கின்றன. ஸ்டார்ட் செய்த கையோடு இறக்கத்தில் வண்டியை விடாதீர்கள். நடுவில் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, ஐடிலிங் நிலைத்ததும் கிளம்புங்கள். அதையும் மூடிய ஷெட்டுக்குள் செய்ய வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். சரிவில் உருட்டி கியரில் போட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும், அதன் விலைக்கு நாலைந்து பம்ப் வாங்கலாம்.

மெக்கானிக்கிடம்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் காலையில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடும், அவர் முன்னால் வண்டி சமர்த்தாக நிற்கும், அப்புறம் அவர் ஊகத்தில்தான் பாகம் மாற்றுவார். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை அங்கே விட்டுவிட்டு, "காலையில் நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.