பர்மாவுக்கு மருத்துவ முகாமில் தொண்டு செய்யப் போகிறேன். அங்குள்ள தமிழர் வீட்டில் தங்கலாமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

நான் பர்மாவில் பெகு (இப்போது பாகோ என்கிறார்கள்) டவுன் பக்கத்தில் ஒரு தமிழ்க் கிராமத்தில் இருக்கிறேன். கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த மூன்று முகாம்களில் பர்மியர்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். உங்களைப் போல வந்தவர்கள் நிறைய பேர் எழுதுவார்கள். சோறு போட்ட வீட்டிலிருந்து யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் தங்குவது பற்றி. இங்கே வீட்டில் ராத்தங்கும் விருந்தாளியை வார்டு ஆபீசில் எழுதிவைக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் இன்னும் கெடுபிடி, சிக்கல் வீட்டுக்காரருக்குத்தான் வரும். எங்களிடம் வந்தவர்கள் டவுன் ஹோட்டலில் படுத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எங்கள் வீடுகளில் இருந்தார்கள். "வீட்டிலேயே தங்கட்டுமா?" என்று நீங்கள் கேட்டால் எங்கள் ஆட்கள் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். பர்மிய மொழியில் 'ஆனாடே' என்பார்கள். எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படுமே என்று நம் வாயை நாமே அடைத்துக்கொள்வது. நாலு தலைமுறையாக இங்கே இருக்கிறோம், அது எங்கள் ரத்தத்திலும் ஊறிவிட்டது.

அந்த ஆனாடேயால் நடந்ததைச் சொல்கிறேன்.

2017 ஜனவரி முகாம். எங்கள் தெருப் பாட்டி ஒருவருக்கு துவேடோ, அதாவது ரத்தக்கொதிப்பு. டவுன் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை இரண்டு வருஷமாகச் சாப்பிட்டுவந்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும், பல தடவை நான்தான் வாங்கிவந்து கொடுத்திருக்கிறேன். முகாமில் அந்த டாக்டர் தம்பி, "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா பாட்டி?" என்று கேட்டார். பாட்டி "இல்லப்பா" என்றார். ஆமாம் என்றால் ஊர் மாத்திரை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். எங்கள் பெரியவர்களுக்கு 'ஊர்' என்றால் இந்தியாதான், அங்கிருந்து எது வந்தாலும் பிரசாதம் மாதிரி. நான் பக்கத்திலேயே நின்றேன். அத்தனை பேர் முன்னால் பாட்டியைப் பொய் சொன்னவளாக்க வேண்டாமே, வந்த பிள்ளைக்கும் சங்கடம் வேண்டாமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பதினைந்து மாத்திரை கொடுத்தார்கள். பத்து மாத்திரை அட்டை ஒன்று, இன்னொரு அட்டையில் கத்தரிக்கோலால் வெட்டின பாதி. முழு அட்டையைத் தீர்த்துவிட்டுக் குப்பையில் போட்டுவிட்டார். மார்ச் மாதம் தலைசுற்றல் என்று கூட்டிக்கொண்டு போனபோது டாக்டரிடம் காட்ட அந்த வெட்டின பாதிதான் இருந்தது, அதில் மிச்சம் மூன்று மாத்திரை. வெள்ளிக் காகிதத்தில் பெயரின் வால் மட்டும் தெரிந்தது: 'பின் 5'. டவுன் டாக்டர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்லோடிபினா, ஃபெலோடிபினா? பின் என்று முடிகிற கொதிப்பு மருந்து ஒன்றா இரண்டா. காலாவதித் தேதி வெட்டிப்போட்ட பாதியோடு போய்விட்டது. முகாம் சீட்டில் பாட்டியின் தமிழ்ப் பெயர், கிளினிக் நோட்டில் பர்மியப் பெயர். எங்களில் பலருக்கு இரண்டு பெயர் உண்டு என்பது சீட்டு எழுதியவருக்கு எப்படித் தெரியும்?

பதினைந்து மாத்திரை மார்ச் வரை எப்படி வந்தது என்று கேட்டோம். "அடுத்த வருஷமும் வருவாங்கல்ல, அதுவரைக்கும் வேணுமேன்னு நாலு நாளைக்கு ஒண்ணு போட்டேன்" என்றார். கிளினிக் மாத்திரையை முகாம் அன்றைக்கே நிறுத்தியிருக்கிறார்.

டாக்டருக்கே பாடம் எடுக்கிறாளா, நன்றிகெட்டவள் என்று யாராவது எழுதலாம். அந்தத் தம்பி சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் ராத்திரி எட்டு மணிவரை பார்த்த பிள்ளை. இன்றைக்கும் அவருக்காகக் கோயிலில் விளக்குப் போடுகிறேன். தப்பில் பாதி என்னுடையது, அதையும் எழுதிவிட்டேன்.

அதனால் கொண்டுபோகும் பொருளைப் பற்றி இதைத்தான் சொல்வேன். அட்டையை வெட்டாதீர்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் தனிச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெயர் இரண்டையும் கேளுங்கள். கொதிப்பு, சீஜோ (சர்க்கரையை இங்கே அப்படிச் சொல்வார்கள்) மாதிரி தினமும் சாப்பிட வேண்டியதைப் புதிதாகத் தொடங்குவதற்கு முன்னால் டவுன் டாக்டரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள். நீங்கள் போன பிறகு பார்க்கப்போவது அவர்தானே. பாம்புக்கடி மருந்தும் வேண்டாம். ஒரு குழு பெட்டி நிறையக் கொண்டுவந்தது. இங்கே அறுப்புக் காலத்தில் வயலில் கடிப்பது கண்ணாடி விரியன்தான், ஆனால் இந்திய விரியனும் இதுவும் வேறு வேறு இனம். அங்கே செய்த மருந்து இந்த விஷத்தைச் சரியாக முறிக்காது, சிறுநீரகம் கெட்டுவிடும். இந்த நாட்டுப் பாம்புக்கு மருந்து இந்த நாட்டிலேயே செய்கிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். "தமிழ் இவ்வளவு நல்லா பேசுறீங்களே!" என்று வருகிறவர்கள் எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள். அடுத்த கேள்வி, "1964-ல பர்மாத் தமிழர் எல்லாரும் இந்தியாவுக்குத் திரும்பி வந்தாங்களே, நீங்க ஏன் வரல?" அந்த வருஷம் மே மாதம் ஐம்பது, நூறு கியாட் (பர்மியப் பணம்) நோட்டு செல்லாது என்றார்கள். நெல் விற்ற காசு முழுக்க என் தாத்தாவிடம் அந்த நோட்டாகத்தான் இருந்தது. கப்பலுக்குக் காசில்லை, வயல் இருந்தது, இருந்துவிட்டார். இதை ஒவ்வொரு முகாமிலும் சாப்பாட்டு இலைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆச்சரியப்படுவதற்குப் பதிலாக ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் பத்து கொண்டுவந்தால் சந்தோஷப்படுவேன். எங்களிடம் இருப்பது ஒன்று, அதையும் ஜெராக்ஸ் எடுத்தே எழுத்து மங்கிப்போயிற்று.

பாட்டிக்கு அந்த ஏப்ரலில், தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின நாள், இடது கை விழுந்துவிட்டது. பேச்சு நன்றாக இருக்கிறது, கிளினிக் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார். காலையில் முகத்தில் பூசிக்கொள்ளத் தனக்காக் கட்டையை (சந்தனம் மாதிரி) அரைக்கும்போது பேத்தி கல்லைப் பிடித்துக்கொள்கிறாள், பாட்டி வலது கையால் கட்டையை இழைக்கிறார்.