எம்மி கிடைக்காத நடிகை

கேள்வி: 'மர்டர், ஷீ ரோட்' என்ற அமெரிக்க டி.வி. தொடரில் 12 வருஷம் ஒரே வேஷம் போட்டவர் ஏஞ்சலா லான்ஸ்பரி. அமெரிக்க டி.வி.க்கான எம்மி விருதுக்கு 18 தடவை பரிந்துரை, ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. டி.வி. மட்டும் இல்லையென்றால் இவரை யாருக்குத் தெரிந்திருக்கும்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நாடக உலகம் முழுவதற்கும் தெரிந்திருக்கும். அந்தத் தொடர் தொடங்கியது 1984-இல். அதற்கு முன்பே நியூயார்க்கின் நாடக மையமான பிராட்வே மேடையின் டோனி விருதை நான்கு முறை வாங்கிவிட்டார். 'மேம்' நாடகத்துக்காக முதல் டோனி 1966-இல். நான்காவது 1979-இல், 'ஸ்வீனி டாட்' இசை நாடகத்துக்கு.

அந்த நான்காவதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். லண்டனில் இறைச்சிப் பை விற்கும் திருமதி லவெட்டாக லான்ஸ்பரி அறிமுகமாகும் பாட்டு. மாவைப் பிசைகிறாள், பலகையில் அறைகிறாள், ஊர்ந்து வரும் பூச்சியை அடிக்கிறாள், நடுவே வந்தவனிடம் வாய் ஓயாத பேச்சு. எந்த அடி எந்தத் தாளத்தில் விழ வேண்டும் என்பது ஸ்டீபன் சோண்ட்ஹைமின் இசையிலேயே இருக்கிறது. கை அரை நொடி பிந்தினால் அடுத்த வரிக்கு மூச்சு எடுக்க இடமில்லை. சிரிக்க வேண்டிய இடமும் தவறிவிடும். பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சி, ரீடேக் கிடையாது. 1982-இல் டி.வி.யில் வந்த மேடைப் பதிவில் அவர் கைகளை மட்டும் கவனித்துப் பாருங்கள், புரியும்.

டி.வி. வேலையும் லேசுப்பட்டதல்ல. மொத்தம் 264 எபிசோடுகள். லான்ஸ்பரி போட்ட வேஷமான துப்பறியும் எழுத்தாளர் ஜெசிகா பிளெட்சர்தான் கதையின் அச்சு என்பதால் பெரும்பாலான காட்சிகளில் அவர் இருந்தே ஆக வேண்டும். கடைசியில் கொலையாளி யாரென்று விளக்கும் நீள வசனமும் அவருக்கே. ஒரு கட்டத்தில் களைத்துப்போனார். சில எபிசோடுகளில் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் தலைகாட்டினார். 1992-இலிருந்து நிர்வாகத் தயாரிப்பாளராகவும் பொறுப்பேற்றார். வாய்ப்பு வற்றிப்போன பழைய ஹாலிவுட் நடிகர்கள் பலருக்கு அந்தத் தொடர் வேலை கொடுத்தது. எனக்கு இது விருதை விடப் பெரிது.

நீங்கள் சொன்ன 18-இல் 12 பரிந்துரைகள் ஜெசிகாவுக்கு வந்தவை, சீசனுக்கு ஒன்று வீதம். நடிப்பில் தரம் இறங்கியிருந்தால் பன்னிரண்டாவது வந்திருக்குமா? தொடர் சரிந்ததற்குக் காரணம் நேரமாற்றம். ஞாயிறு இரவில் குடும்பத்தோடு பார்த்துப் பழகிய தொடரை 1995-இல் வியாழனுக்குத் தள்ளி, பிரபல நகைச்சுவைத் தொடரான 'ஃபிரண்ட்ஸ்' ஓடும் நேரத்தில் போட்டார்கள். மறு வருஷம் முடிந்தது.

அவர் முடியவில்லை. 2007-இல் பிராட்வேக்குத் திரும்பினார். 2009-இல் 'பிளைத் ஸ்பிரிட்' நாடகத்தில் ஆவிகளை அழைக்கும் மேடம் அர்காட்டியாக, மயக்க நிலைக்குப் போகுமுன் கைகளைக் கோணல்மாணலாக வீசி ஓர் ஆட்டம் ஆடுவார். அதற்கு ஐந்தாவது டோனி, 83 வயதில். அதே வேஷத்தை லண்டனிலும் போட்டு, 2015-இல் அங்குள்ள நாடக விருதான ஒலிவியர் விருது வாங்கியபோது அவருக்கு வயது 89.